ஐ.ஐ.டி.யில் பெண்களுக்கான கூடுதல் இடங்கள்: கணக்கு எப்படி?

2016-இல் ஐ.ஐ.டி. பி.டெக். படிப்புகளில் சேர்ந்தவர்களில் பெண்கள் சுமார் 8 சதவீதம்தான். இதை மாற்ற 2018-இல் பெண்களுக்கென்று கூடுதல் இடங்களை உருவாக்கினார்கள். இலக்கு முதலில் 14 சதவீதம், 2019-இல் 17, 2020-இல் 20.

"பையன்களோட சீட்டை எடுத்துட்டாங்க" என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. கணக்கைப் பார்த்தால் அது நிற்காது. 100 இடமுள்ள ஒரு பிராஞ்சில் 92 மாணவர்கள், 8 மாணவிகள் என்று வைத்துக்கொள்வோம். மாணவர்களின் 92-இல் கை வைக்காமல் 15 இடங்களைப் புதிதாகச் சேர்க்கிறார்கள். மொத்தம் 115, அதில் பெண்கள் 23. சரியாக 20 சதவீதம்.

தகுதி பெறுவதில் சலுகை கிடையாது. ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தரவரிசையில் இடம்பெறத் தேவையான குறைந்தபட்ச மதிப்பெண் இருபாலருக்கும் ஒன்றுதான். அந்தப் பட்டியலில் வந்த பிறகு, பெண்களுக்கான இடங்களில் போட்டி பெண்களுக்குள் மட்டும் நடக்கும். அதனால் கடைசியாக இடம் கிடைக்கும் ரேங்க், இருபாலருக்கும் பொதுவான இடங்களின் கடைசி ரேங்கைவிடப் பின்னால் போகும். இதை மறைக்க வேண்டியதில்லை, ஏற்பாடே அதற்குத்தான். பொது, ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. என ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் பெண்களுக்கான இடங்கள் தனியாக உண்டு.

இதற்கென்று தனி விண்ணப்பம் வேண்டாம். ஐ.ஐ.டி., என்.ஐ.டி. இடங்களை ஒதுக்கும் ஜோசா (JoSAA) கவுன்சலிங்கில் கல்லூரியையும் பிராஞ்சையும் வரிசைப்படுத்தினால் போதும். பெண்களுக்கான இடம், இருபாலருக்கும் பொதுவான இடம் இரண்டுக்கும் உங்கள் பெயரைக் கணினியே பார்த்துக்கொள்ளும். தேசிய தொழில்நுட்பக் கழகங்களான என்.ஐ.டி.களிலும் இதே போன்ற ஏற்பாடு இருக்கிறது. அட்வான்ஸ்டு தேர்வுக் கட்டணமும் மாணவிகளுக்குப் பாதிதான்.

ஆனால் இந்த விதி வேலை செய்வது வாசலில் மட்டும். தரவரிசைக்குள் வராத பெண்ணுக்கு இதனால் பயனில்லை. அட்வான்ஸ்டு தேர்வை அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு முறை எழுதலாம். இரண்டாவது முறைக்காக மகனை ஒரு வருடம் கோச்சிங் அனுப்பும் வீடுகளில் பல, மகள் என்றதும் "கிடைச்ச காலேஜ்ல சேர்ந்துடும்மா" என்றுவிடுகின்றன. அங்கே எந்தக் கூடுதல் இடமும் உதவாது.

அப்புறம், பட்டியல் போடும்போது பல மாணவிகள் இருபாலருக்கும் பொதுவான இடங்களின் கடைசி ரேங்கைப் பார்த்துவிட்டு நல்ல பிராஞ்சுகளைத் தாங்களே விட்டுவிடுகிறார்கள். ஜோசா தளத்தில் முந்தைய ஆண்டு ரேங்குகளைத் தேடும்போது, பாலினப் பத்தியில் 'பெண்களுக்கு மட்டும்' என்றிருக்கும் வரியைப் பாருங்கள்.