தாடைக்கு அடியில் ஒரு ஸ்கேன்

பக்கவாதம் வந்து படுத்திருப்பவருக்கு ஒரு மடக்குத் தண்ணீர் கொடுக்கும் முன், அவரால் ஒழுங்காக விழுங்க முடிகிறதா என்று சோதித்தே ஆக வேண்டும். முதல் சில நாட்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு விழுங்குவதில் சிக்கல் இருக்கும். நமக்குப் புரையேறினால் இருமித் தள்ளிவிடுகிறோம். இவர்களில் சிலருக்கோ தொண்டையின் உணர்ச்சியே மங்கிப்போயிருக்கும். தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் இறங்கினாலும் இருமல் வராது. பக்கத்தில் இருப்பவர்கள் "நல்லாத்தானே குடிக்கிறார்" என்று நிம்மதி அடைவார்கள். சில நாட்களில் நிமோனியா வந்து நிற்கும்.

விழுங்கும்போது என்ன நடக்கிறது? தாடைக்கும் குரல்வளைக்கும் நடுவே, லாட வடிவில் ஒரு சிறு எலும்பு இருக்கிறது. நாவடி எலும்பு என்பார்கள். வேறெந்த எலும்போடும் மூட்டால் சேராமல், தசைகளின் பிடியிலேயே தொங்குவது அது. விழுங்கும் நொடியில் தாடைக்கு அடியிலுள்ள தசைகள் சுருங்கி, அதை மேலும் முன்னுமாக ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இழுக்கின்றன. கூடவே குரல்வளையும் மேலேறுகிறது, மூச்சுப்பாதை மூடிக்கொள்கிறது, உணவுக்குழாயின் வாய் திறக்கிறது. தொண்டையில் நடக்கும் இத்தனையும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். மூளையின் கட்டளை தாமதமானாலோ தசையின் இழுப்பு குறைந்தாலோ, மூச்சுப்பாதை மூடுவதற்குள் தண்ணீர் முந்திக்கொள்கிறது.

இந்த இழுப்பைத்தான் அல்ட்ராசவுண்டில் பார்க்கிறார்கள். வயிற்றுக்கு ஸ்கேன் எடுக்கும் அதே கருவிதான். ஜெல் தடவி, ஸ்கேன் முனையைத் தாடைக்கு அடியில் நடுக்கோட்டில் வைக்கிறார்கள். ஒலி அலை மென்மையான திசுவில் நொடிக்குச் சுமார் 1540 மீட்டர் வேகத்தில் போகும். 5 சென்டிமீட்டர் ஆழம் போய்த் திரும்ப, நொடியில் பதினையாயிரத்தில் ஒரு பங்கு நேரமே ஆகும். அதனால் நாக்கு அசைவதை அசையும்போதே திரையில் காண முடிகிறது. எலும்பு ஒலியைத் திருப்பி அனுப்பிவிடுவதால் நாவடி எலும்பு ஒரு வெள்ளைப் புள்ளியாகவும், அதன் பின்னால் கறுப்பு நிழலாகவும் தெரியும். ஒரு வாய் விழுங்கச் சொன்னால் அந்த நிழல் சட்டென்று நகர்ந்து திரும்பும். எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று படத்தை நிறுத்தி அளந்துகொள்ளலாம். நாக்கின் தடிமனையும், எலும்பை இழுக்கும் தசையின் பருமனையும் அதே படத்தில் எடுத்துவிடலாம்.

முனையைப் பிடிக்கும் கைக்கு நல்ல பழக்கம் வேண்டும். கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் எலும்பின் நகர்வையே அது தடுத்துவிடும். கொஞ்சம் சாய்ந்தால் அளவு மாறிவிடும்.

சரி, உணவு மூச்சுக்குழாய்க்குள் போவதையே இதில் பார்த்துவிட முடியாதா? அங்கேதான் சிரமம். ஒலி அலை காற்றைத் தாண்டிப் போகாது, மூச்சுப்பாதையிலோ நிறையக் காற்று. கழுத்தின் முன்புறம் முனையை வைத்து, உள்ளே இறங்கிய நீரைக் கண்டுபிடிக்க ஆய்வுகள் நடக்கின்றன. ஆனால் உறுதியாகச் சொல்ல இன்றும் எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் என்ற பொருள் கலந்த உணவை விழுங்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரே வீடியோவோ, மூக்கு வழியே விடும் எண்டோஸ்கோப் என்ற கேமராக் குழாயோதான் வேண்டும். ஸ்கேனில் நகர்வு நன்றாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஒருவருக்குத் தண்ணீர் கொடுத்துவிடக் கூடாது.

அப்படியானால் இது எதற்கு? எக்ஸ்ரே வீடியோவுக்கு நோயாளியை வேறு அறைக்குக் கொண்டுபோக வேண்டும், கதிர்வீச்சும் உண்டு. அடிக்கடி எடுக்க முடியாது. எண்டோஸ்கோப்பைக் கட்டிலருகே கொண்டுவரலாம் என்றாலும், மூக்கில் குழாய் நுழைவதை எல்லோராலும் தாங்க முடியாது. பக்கவாதத்தில் விழுங்கும் திறனோ நாளுக்கு நாள் மாறுகிறது. பலருக்குச் சில வாரங்களில் தேறியும் விடுகிறது. ஸ்கேனைக் கட்டிலருகிலேயே, சாதாரணத் தண்ணீரை வைத்தே, எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம். இவ்வளவு நகர்ந்தால் போதும் என்று எல்லோருக்கும் பொதுவான ஒரே அளவு இன்னும் முடிவாகவில்லை. ஆனாலும் ஒரே ஆளின் போன வார அளவையும் இந்த வார அளவையும் பக்கத்தில் வைத்தால், அவருக்குக் கொடுக்கும் விழுங்கும் பயிற்சி பலிக்கிறதா என்பது புரியும்.

திரையை நோயாளி பக்கம் திருப்பி வைத்தும் பயிற்சி கொடுக்கிறார்கள். அழுத்தி விழுங்கும்போது நிழல் எவ்வளவு தூரம் போகிறது என்று அவரே பார்த்து, அடுத்த முறை இன்னும் கொஞ்சம் முயல்கிறார்.