துஜாவைச் செம்பருத்தி போல வெட்டாதீர்கள்

"கவாத்து பண்ணினேன், அப்படியே காய்ந்துவிட்டது" என்று துஜா என்னும் அழகுச் செடியின் படத்தை அனுப்புகிறவர்கள் இந்த வருடமும் குறையவில்லை. பார்த்ததுமே காரணம் தெரிகிறது. வெளிப்பச்சையை மொத்தமாக மழித்து, உள்ளே இருக்கும் பழுப்புக் குச்சி வரை வெட்டியிருக்கிறார்கள்.

வெட்டினால் துளிர்க்கும் என்பது எல்லாச் செடிக்கும் பொருந்தாது. செம்பருத்தி பூக்கும் தாவரம். அதன் இலை உதிர்ந்து தண்டு முற்றினாலும் கணுக்களில் உறங்குமொட்டு, அதாவது வெட்டினால் துளிர்க்கக் காத்திருக்கும் மொட்டு, இருக்கும். முழங்கால் உயரத்துக்கு வெட்டினாலும் கிளை வெடிக்கும், அந்தப் புதுக்கிளையில்தான் பூவும் வரும். துஜா ஊசியிலை இனம். பூ கிடையாது, விதை கூம்பில் உருவாகும். கொம்பு முளைத்த, சாம்பல் பூத்த பச்சைக் 'காய்' என்று நீங்கள் சொல்வது அந்தக் கூம்புதான். இதன் வளர்ச்சியெல்லாம் பச்சை நுனிகளில். பச்சை போன பழைய குச்சியில் துளிர்க்க மொட்டு இல்லை. யூரியா போட்டாலும் பஞ்சகவ்யா தெளித்தாலும் இல்லாத மொட்டு எங்கிருந்து வரும்? 'மூணு மாசம் பொறுங்க, வந்துடும்' என்று ஆறுதல் சொல்லும் நர்சரிக்காரர்களை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

வெட்டத்தான் வேண்டும் என்றால் நுனியில் ஓரிரு அங்குலம் போதும். ஒவ்வொரு கிளையிலும் பச்சை மிஞ்ச வேண்டும். கோடை உச்சத்தில் கத்தரியைத் தொடாதீர்கள். வெளியே பசுமையாக இருந்து உள்பக்கம் மட்டும் பழுத்து உதிர்ந்தால் பயம் வேண்டாம், வெயில் படாத பழைய இலை அப்படித்தான் கழியும்.

தண்ணீரிலும் இதே குழப்பம். செம்பருத்திக்குத் தாகம் எடுத்தால் மதியமே இலை தொங்கிவிடும். ஊற்றினால் மாலையில் நிமிரும். துஜா வாடிக் காட்டாது. நிறம் மாறுவது கண்ணில் படும்போது வேர் போய் வாரக்கணக்காகியிருக்கும். அதனால் இரண்டு அங்குல ஆழம் விரலை விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். தொட்டியின் அடித்தட்டில் தண்ணீர் தேங்கவே கூடாது, வேர் அழுகிவிடும். சந்தேகம் வந்தால் தண்டை நகத்தால் லேசாகக் கீறுங்கள். உள்ளே பச்சை என்றால் உயிர் இருக்கிறது. பழுப்பு என்றால் இன்னும் கீழே கீறிப் பாருங்கள், அடிவரை பழுப்பானால் பிடுங்கிவிடலாம்.

கிறிஸ்துமஸ் மரம் என்று விற்கும் அரக்கேரியாவின் உச்சியையும் தயவுசெய்து கிள்ளாதீர்கள். பக்கத்தில் இரண்டு மூன்று உச்சி கிளம்பி வடிவம் கெடும். அதன் பக்கக்கிளையை நட்டால் வேர் பிடித்தாலும் படுத்தவாக்கில்தான் வளரும், நிமிராது. கன்று வாங்கும்போது நடுத்தண்டு நேராக ஓடுகிறதா, கிளைகள் சுற்றிலும் அடுக்கடுக்காகப் பிரிகின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள்.