இ.சி.ஹெச்.எஸ். கார்டு இருந்தும் கைக்காசு போவது எப்படி?

பென்ஷன் வாங்கும் முன்னாள் படைவீரருக்கும் அவர் குடும்பத்துக்கும் காசு கட்டாமல் சிகிச்சை தரும் திட்டம் இ.சி.ஹெச்.எஸ். 2003 ஏப்ரலில் வந்தது. சந்தா ஒரே தடவைதான். வரலாறு இவ்வளவு போதும்.

முதல் வில்லங்கம் பெயரில். படையிலிருந்து ஓய்வு பெறும்போது தரும் டிஸ்சார்ஜ் புக்கில் மனைவி பெயர் லட்சுமி, ஆதாரில் மகாலட்சுமி என்றால் கார்டுக்கான விண்ணப்பம் நகராது. இதற்காகப் பாலிகிளினிக் (இந்தத் திட்டத்தின் சொந்த மருத்துவமனை) ஜன்னலில் சண்டை போட்டுப் பயனில்லை. திருத்தவேண்டியது படைவீரரின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸ். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்களுக்கு அது நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. கடிதம் எழுத மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவி கேளுங்கள். படைவீரர் உயிரோடு இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள். இல்லையென்றால், கணவரைப் பறிகொடுத்த பெண்ணைத்தான் “நீங்கதான் மனைவின்னு நிரூபிங்கம்மா” என்று அலையவிடுவார்கள். அவர் கையெழுத்தில் முடிந்திருக்கும் வேலைக்கு அப்புறம் எத்தனை சான்றிதழ்!

மகனுக்கு 25 வயது, வேலை, கல்யாணம், இதில் எது முந்துகிறதோ அன்றோடு தகுதி போய்விடும். மகளுக்கு வயது வரம்பில்லை. கல்யாணமோ சம்பாத்தியமோ வரும்வரை உண்டு. வேலைக்குப் போன பையன் பழைய கார்டைக் காட்டிச் சிகிச்சை எடுத்தால் மாட்டுவது அப்பாவின் கார்டும்தான். பெற்றோரைச் சேர்க்க, அவர்கள் வருமானம் அகவிலைப்படி நீங்கலாக மாதம் 9,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும். வீட்டு வாடகை, வட்டி எல்லாம் இந்தக் கணக்கில் வரும்.

திட்டத்தின் பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிதானே என்று நம்பிப் போகாதீர்கள். இதய சிகிச்சைக்கு அனுமதி பெற்ற ஆஸ்பத்திரிக்குப் புற்றுநோய்க்கு இல்லாமல் இருக்கலாம். பாலிகிளினிக்கில் ரெஃபரல் (பரிந்துரைச் சீட்டு) வாங்கும்போதே கேளுங்கள். ரெஃபரலோடு போன பிறகும் “அட்வான்ஸ் கட்டுங்க” என்றால் கட்டாதீர்கள், பாலிகிளினிக் பொறுப்பாளருக்குப் போன் போடுங்கள். ஆஸ்பத்திரிக்கு அரசு பில் பாக்கி வைத்திருந்தால் அது நோயாளியின் குற்றமா என்ன?

அவசரத்தில் பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் பக்கத்துப் பாலிகிளினிக்குக்குத் தகவல் போயாகவேண்டும். ஐ.சி.யூ. வாசலில் நிற்பவருக்கு இது எங்கே நினைவிருக்கும்? கார்டுதாரர் தவிர வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் போதாது. மின்னஞ்சல் அனுப்புங்கள், அல்லது கடிதம் கொடுத்து அதன் நகலில் சீல் வாங்குங்கள். அப்படியும் முழுத் தொகை கைக்கு வராது, அரசு நிர்ணயித்த விகிதப்படிதான் வரும்.

இன்னொன்று. இந்தத் திட்டத்தில் சேர்ந்த பிறகு பென்ஷனோடு வரும் மாத மருத்துவப்படி 1,000 ரூபாய் நிற்கவேண்டும். தானாக நிற்கும் என்று இருந்துவிடாதீர்கள். பல வருஷம் கழித்து மொத்தமாகப் பிடிப்பார்கள்.