ஐ.எம். நார்ம்: பெற்றோர் முன்கூட்டியே பார்க்க வேண்டிய கணக்கு

சதுரங்கத்தில் சர்வதேச மாஸ்டர் (ஐ.எம்.) பட்டத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் எல்லாப் பெற்றோரும் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள்: ரேட்டிங் 2400 தொட வேண்டும், மூன்று நார்ம் எடுக்க வேண்டும். நார்ம் என்பது ஒரு போட்டியில் பட்டத்துக்குரிய தரத்தில் ஆடியதற்கான அங்கீகாரம். அந்த நார்ம் எந்தக் கணக்கில் வருகிறது என்று கேட்டால், "கோச்சுக்குத் தெரியும் சார்" என்பார்கள். கோச் "ஆர்பிட்டர் சொல்வார்" என்பார். ஆர்பிட்டரான, அதாவது போட்டி நடுவரான என்னிடம் அவர்கள் வந்து நிற்பது பெரும்பாலும் கடைசிச் சுற்று முடிந்த பிறகுதான். அப்போது என்னால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை.

ஒன்பது சுற்றுப் போட்டியை வைத்துச் சொல்கிறேன். ஐ.எம். நார்முக்கு ஆட்டத்திறன் (எதிராளிகளின் சராசரி ரேட்டிங்கோடு, எடுத்த புள்ளிக்கு ஏற்ப ஒரு எண்ணைக் கூட்டியோ கழித்தோ வருவது) 2450 வர வேண்டும். எதிராளிகளில் பாதிப் பேராவது பட்டம் பெற்றவர்களாக இருக்க வேண்டும், அதில் சி.எம். (கேண்டிடேட் மாஸ்டர்) பட்டம் சேராது. மூன்று பேராவது ஐ.எம். அல்லது கிராண்ட்மாஸ்டர். எதிராளிகளின் சராசரி ரேட்டிங் 2230-க்குக் குறையக் கூடாது. அப்புறம்தான் நம்மவர்கள் அதிகம் அடிபடும் இடம் வருகிறது: சொந்த நாட்டுக்காரர்கள் ஐந்து பேருக்கு மேல் போகக் கூடாது, மீதிப் பேர் குறைந்தது இரண்டு வேறு நாடுகளைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும். வெளிநாட்டு வீரர்கள் நிறைய வரும் பெரிய ஓபன் போட்டிகளுக்கு இதில் விலக்கு உண்டு. குறைந்தது மூன்று வெளிநாடுகளிலிருந்து ரேட்டிங் உள்ள 20 வீரர்கள், அவர்களில் 10 பேர் சதுரங்கப் பட்டம் பெற்றவர்கள் என்ற அளவில் இருந்தால் இந்த நிபந்தனை தளரும். அப்படி இல்லாத போட்டியில், நன்றாக ஆடியும் ஆறாவது இந்தியரோடு பேரிங் (அந்தச் சுற்றுக்கான ஜோடி) விழுந்ததால் நார்ம் போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஸ்பெயின் வரை விமான டிக்கெட் எடுத்துப் போய், அங்கேயும் வரிசையாக நம் ஊர்ப் பிள்ளைகளோடேயே ஆடித் திரும்பியவர்களும் உண்டு. நார்முக்காகப் பேரிங்கை மாற்றிக் கொடுக்க எந்த ஆர்பிட்டருக்கும் அதிகாரம் கிடையாது.

ஒரு போட்டியில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். எட்டுச் சுற்று முடிவில் பையனுக்கு ஐந்தரைப் புள்ளி. அதுவரை ஆடிய எட்டு எதிராளிகளின் சராசரி 2335. ஆறு புள்ளி எடுத்தால் சராசரியோடு 125 கூடும், 2460 ஆகிவிடும். அப்பா ஃபோனில் இதைப் போட்டுப் பார்த்துவிட்டு, "டிரா போதும்டா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். கடைசிச் சுற்று எதிராளியின் ரேட்டிங் 2235. அதைச் சேர்த்தால் சராசரி 2324-க்கு இறங்குகிறது. பையன் சீக்கிரமே டிரா கேட்டான், எதிராளியும் ஒத்துக்கொண்டார். ஆட்டத்திறன் 2449. ஒரே ஒரு புள்ளி குறைவு. எதிராளியின் ரேட்டிங் 2245 ஆக இருந்திருந்தால் அதே டிராவுக்கு நார்ம் கிடைத்திருக்கும். இந்த எதிராளியோடு அவன் ஜெயிக்க வேண்டியிருந்தது. வெள்ளைக் காயும் அவனிடம்தான் இருந்தது. அந்தக் குடும்பத்திடம் கணக்கை விளக்கிச் சொல்வது எனக்கு எளிதாக இல்லை.

பேரிங் வந்த பிறகு கடைசி எதிராளியையும் சேர்த்துச் சராசரி போடுங்கள். எதிராளிகளில் மிகக் குறைந்த ரேட்டிங் உள்ள ஒருவரை மட்டும் 2050 என்று எடுத்துக்கொள்ளலாம் என்ற விதியும் இருக்கிறது. முதல் சுற்றில் 1800 ரேட்டிங்காரரோடு ஆடியிருந்தால் அது கைகொடுக்கும். சந்தேகம் இருந்தால் சுற்று தொடங்கும் முன் தலைமை ஆர்பிட்டரிடம் கேளுங்கள், கட்டாயம் சொல்வார். இந்த வேலையைப் பெற்றோரோ கோச்சோதான் செய்ய வேண்டும். போர்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை செய்யக் கூடாது.

ரேட்டிங் பக்கமும் ஒரு விஷயம். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு 2300 வரை கே என்ற பெருக்கெண் 40. அதாவது சம ரேட்டிங் எதிராளியை ஜெயித்தால் 20 புள்ளி கூடும். 2300 தாண்டியதும் அது 20 ஆகிவிடும். அதே வெற்றிக்கு 10 புள்ளிதான். இது தெரியாமல் "பையன் தேங்கிட்டான்" என்று கோச்சை மாற்றுகிறார்கள், பள்ளியை நிறுத்துகிறார்கள். அவன் தேங்கவில்லை, அளவுகோல்தான் மாறியிருக்கிறது. 2400 என்பது மாதப் பட்டியலில் வர வேண்டும் என்றுகூட இல்லை. ஒரு போட்டியின் நடுவே தொட்டாலும் போதும்.

பிரக்ஞானந்தா 2016-ல் பத்து வயதில் ஐ.எம். ஆனதிலிருந்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் பார்த்தே "லேட்டாயிடுச்சோ?" என்று கேட்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். இந்தியாவின் முதல் ஐ.எம். மானுவல் ஆரோன் 1961-ல் அந்தப் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 25. அடுத்து ரவிக்குமார் வருவதற்கு 1978 ஆனது. முறைப்படி எடுத்த நார்ம் காலாவதி ஆவதில்லை. இந்த அவசரத்தை நம்பித்தான் "நார்ம் உறுதி" என்று பணம் கேட்கிறவர்கள் பிழைக்கிறார்கள். பத்துப் பேர் சுற்றுமுறையில் (ஒவ்வொருவரும் மற்ற எல்லோரோடும்) ஆடும் நார்ம் போட்டிகள் விதிப்படி சரியானவையே; எத்தனை புள்ளி வேண்டும் என்பது முதல் நாளே தெரிந்துவிடும் என்ற வசதியும் உண்டு. ஆனால் ஆட்டம் முடியும் முன்பே முடிவுக்கு உத்தரவாதம் தருகிறவரிடம் பிள்ளையைக் கொண்டுபோகாதீர்கள். பேசி வைத்து ஆடிய ஆட்டம் என்று தெரிந்தால் நார்ம் மட்டுமல்ல, பிள்ளையின் பெயரும் போய்விடும்.

நார்ம் கிடைத்துவிட்டால், அரங்கை விட்டுக் கிளம்பும் முன் ஐடி-1 என்ற சான்றிதழைத் தலைமை ஆர்பிட்டரிடம் கையெழுத்தோடு வாங்குங்கள். பிள்ளையின் ஃபிடே (உலக சதுரங்கக் கூட்டமைப்பு) எண், ஒவ்வொரு எதிராளியின் நாடு, பட்டம், ரேட்டிங் எல்லாவற்றையும் அங்கேயே ஒருமுறை சரிபாருங்கள். பட்டத்துக்கான விண்ணப்பம் அகில இந்திய சதுரங்கக் கூட்டமைப்பு வழியாகத்தான் ஃபிடேவுக்குப் போகும். ஆண்டுகள் கழித்து அதற்காக உட்காரும்போது, முதல் நார்மின் தாளைத் தேடி அமைப்பாளருக்கு ஃபோன் போட்டுக்கொண்டிருக்கும் நிலை வரக் கூடாது. ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வையுங்கள்.