பழைய புத்தகத்தை முகர்ந்து பார்த்து வாங்குங்கள்

பினாங்கில் சௌரஸ்தா சந்தையின் மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. அங்கே போனால் அட்டையையும் விலையையும் பார்ப்பதோடு, புத்தகத்தை விரித்து ஒருமுறை முகர்ந்தும் பாருங்கள். தாள் எந்த நிலையில் இருக்கிறது என்பதை மூக்கே பாதி சொல்லிவிடும்.

மரக்கூழில் செய்த தாளில் செல்லுலோஸ் இழைகள்தான் முக்கியம். மலிவான தாளில், மரத்தில் அந்த இழைகளை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னின் என்ற பொருளும் கூடவே தங்கிவிடுகிறது. காற்றும் ஒளியும் பட்டால் லிக்னின் பழுப்பேறும். பக்கங்களின் ஓரம் முதலில் நிறம் மாறுவது அதனால்தான். மை ஊறிப் பரவாமலிருக்க அந்தக் காலத்துத் தாளில் படிகாரமும் சேர்த்தார்கள். அதனால் உண்டாகும் அமிலம், செல்லுலோஸின் நீண்ட சங்கிலிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கிறது. வெப்பமும் ஈரமும் கூடக்கூட இந்த வேலை வேகமாக நடக்கும். நம் ஊரில் இரண்டுக்கும் குறைவில்லை.

தாள் இப்படிச் சிதையும்போது சில வேதிப்பொருட்கள் ஆவியாகி வெளியேறுகின்றன. அசிட்டிக் அமிலத்தில் வினிகரின் புளிப்பு, ஃபர்ஃபுராலில் பாதாம் வாடை, லிக்னின் உடைந்து வரும் வெனிலினில் இனிப்பு. நாம் ஆசையாக இழுத்து முகரும் பழைய புத்தக வாசனை இந்தக் கலவைதான். 2009இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள், இந்த ஆவிகளை அளந்தே, தாளைக் கிள்ளி எடுக்காமல் அதன் நிலையைக் கணிக்கலாம் என்று காட்டினார்கள்.

வார இதழ்களிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்து பைண்டு செய்த தொகுப்பு கிடைத்தால் கூடுதல் கவனம் வேண்டும். செய்தித்தாள் ரகத் தாளில் லிக்னின் மிக அதிகம். புளிப்பு தூக்கலாக இருந்து, பக்கத்தின் மூலையை லேசாக வளைத்ததுமே பொடிந்தால், அது கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. எனக்கு அப்படிப்பட்ட தொகுப்புகள்மீதுதான் பிரியம் அதிகம். வேறெங்கும் கிடைக்காத கதை என்றால் தயங்காமல் வாங்குவேன்; வாங்கியதும் பக்கங்களைப் படமெடுத்து வைத்துவிடுவேன்.

மக்கிய, காளான் போன்ற வாடை வந்தால் கதை வேறு. அது பூஞ்சணம். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் அது தாளில் வளரத் தொடங்கும். பினாங்கில் 80ஐத் தொடுவது சாதாரணம். இப்படிப்பட்ட புத்தகத்தில் மூக்கை வைத்து இழுக்காதீர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் தொடவே வேண்டாம். மற்றவர்கள் வாங்கினாலும், வீட்டிலுள்ள மற்ற புத்தகங்களோடு உடனே சேர்க்கக் கூடாது. நிழலில் விரித்து வைத்து, காற்றாடி ஓடவிட்டு நன்றாக உலர்த்துங்கள். வெயிலில் காயவைத்தால் வாடை போகும், ஆனால் தாள் இன்னும் பழுப்பேறும்.

அப்புறம், அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். பின்னால் ஒரு கை நுழையும் அளவு இடம் விட்டால் காற்று ஓடும், ராமபாணப் பூச்சித் தொல்லையும் குறையும்.