நண்டின் மஞ்சளும் சோதனைக்கூடத்துக் கொடுக்கும்

தொண்டியிலோ தேவிபட்டினத்திலோ நண்டு வலை கரையேறும் காலையில் போய் நின்று பாருங்கள். பிடித்ததைவிட, சிக்கிய நண்டை வலையிலிருந்து பிரித்தெடுப்பதுதான் பெரும்பாடு. கவ்விய கொடுக்கு லேசில் விடாது. உலோக அணுவை இரண்டு பக்கமும் கவ்வும் மூலக்கூறுகளுக்கு 1920இல் பெயர் தேடியபோது, வேதியியலாளர்கள் நண்டு, சிங்கி இறால் ஆகியவற்றின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். தமிழில் அது கொடுக்கிணைப்பு. அந்தக் கொடுக்கைக் கொண்டு நண்டுக்குள் இருக்கும் காட்மியம் என்ற நச்சு உலோகத்தை எப்படிப் பிடிக்கிறார்கள்?

நண்டுச் சதையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் காட்மியம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சோதனைக்கு எடுப்பது அரை கிராம் சதை. அதிலுள்ள காட்மியம் 50 நானோகிராம். பொடியுப்பின் ஒரு துகளை ஆயிரமாகப் பங்கிட்டால் ஏறக்குறைய ஒரு பங்கு. அதைச் சுற்றிக் கடல் தந்த சோடியமும், ஓட்டோடு ஒட்டிவந்த கால்சியமும், புரதமும் மலையாக நிற்கின்றன.

நண்டும் சும்மா இருப்பதில்லை. உடலுக்குள் வரும் காட்மியத்தை, கந்தகம் மிகுந்த ஒரு புரதத்தால் கவ்வி, செரிமானச் சுரப்பியில் அடைத்துவைக்கிறது. நாம் ருசித்துத் தின்னும் 'மஞ்சள்' அந்தச் சுரப்பிதான். எனவே முதல் வேலை, நண்டின் பிடியை உடைப்பது. சதையை டெஃப்லான் குப்பியில் நைட்ரிக் அமிலத்தோடும் ஹைட்ரஜன் பெராக்சைடோடும் மூடி, அதற்கென்றே உள்ள மைக்ரோவேவ் அடுப்பில் 180 டிகிரி அளவுக்குச் சூடேற்றினால், புரதமெல்லாம் சிதைந்து தெளிந்த திரவம் மிஞ்சும்.

அடுத்தது நம் பிடி. அமிலத்தன்மையைத் தக்க அளவுக்குத் தணித்து, அம்மோனியம் பைரோலிடின் டைதயோகார்பமேட் என்ற, பெயரைச் சொல்லவே மூச்சு வாங்கும் பொருளைச் சேர்க்கிறார்கள். இதன் கொடுக்கும் கந்தகமே! நண்டு கையாண்ட அதே உத்தி என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. காட்மியம், ஈயம், செம்பு போன்றவை கந்தகத்தோடு ஒட்டும். சோடியமும் கால்சியமும் ஒட்டா. பின்பு பிரிபுனலில் நீரோடு கலக்காத கரைப்பானை ஊற்றிக் குலுக்கினால், கவ்வப்பட்ட உலோகம் மேலே மிதக்கும் அந்த அடுக்குக்கு ஏறிவிடும். உப்பு கீழே நீரிலேயே தங்கிவிடும். 100 மில்லிலிட்டரில் இருந்தது 5 மில்லிலிட்டருக்குள் அடங்கினால் செறிவு இருபது மடங்கு.

அளப்பது ஒளியால். ஆஸ்திரேலியாவின் ஆலன் வால்ஷ் 1955இல் வெளியிட்ட யோசனை இது: காட்மியம் விளக்கு உமிழும் 228.8 நானோமீட்டர் ஒளியைக் காட்மியம் அணுக்கள் விழுங்கும். சிறு கிராஃபைட் குழாயில் ஒரு துளியை ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடாக்கி அணுக்களாக்கி, ஒளி எவ்வளவு குறைந்தது என்று பார்க்கிறார்கள். உப்பை முன்பே நீக்காவிட்டால் அது புகையாகி ஒளியைச் சிதறடிக்கும். கருவி அதையும் உலோகம் என்று எண்ணி ஏமாறும்.

கருவியைவிட நான் அதிகம் அஞ்சுவது கைகளையும் கத்தியையும். அமெரிக்க ஆய்வாளர்கள் டோரதி செட்டிலும் கிளேர் பேட்டர்சனும் 1980இல், தூசி புகாத அறையில் சூரை மீனின் ஈயத்தை அளந்தபோது கிராமுக்கு 0.3 நானோகிராம்தான் வந்தது. அதற்கு முன் சொல்லப்பட்ட எண்கள் பல நூறு மடங்கு பெரியவை. மீனில் இல்லாத ஈயத்தை ஆய்வகமே சேர்த்திருந்தது. இதனால்தான் மாதிரியே இல்லாத வெற்றுக் குப்பி ஒன்றையும் எல்லாப் படிகளிலும் கூடவே ஓட்டுகிறார்கள். உலோக அளவு முன்பே தெரிந்த மீன் புரதப்பொடியைக் கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்திடம் வாங்கி ஒப்பிடுகிறார்கள்.

நண்டுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்துள்ள கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் என்ற காட்மிய வரம்பு கால், கொடுக்கு ஆகியவற்றின் வெண்சதைக்கு மட்டுமே, மஞ்சளுக்கு அல்ல. ராமநாதபுரத்து வீடுகளில் மஞ்சளை வீசுகிறவர்களை நான் பார்த்ததில்லை. இந்தக் கரையின் நண்டைச் சோதிப்பவர் இரண்டையும் தனித்தனிக் குப்பியில் எடுத்து, எது எது என்று மேலே எழுதி ஒட்டிவிட்டு வேலையைத் தொடங்கலாம்.