முதலில் அயோடின், பிறகுதான் செலினியம்

தைராய்டுக்கு நல்லது என்று யாரோ சொன்னதை நம்பிச் செலினியம் மாத்திரை வாங்குகிறவர்கள் பெருகிவருகிறார்கள். மாத்திரையைப் பிரிப்பதற்கு முன் அடுப்படியில் இருக்கும் உப்பு எது என்று பார்ப்பது அவசியம். காரணம், உப்பில் சேர்க்கும் அயோடின், செலினியம் ஆகிய இந்த இரண்டு சத்துகளும் ஒன்றை ஒன்று சார்ந்தே வேலை செய்கின்றன.

தைராய்டு சுரப்பி இரத்தத்திலிருந்து அயோடைடை இழுத்துக்கொள்கிறது. அதைப் புரதத்தோடு ஒட்டவைக்க ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டும். புண்ணில் ஊற்றினால் நுரைக்குமே, அதே பொருள்தான். ஹார்மோன் செய்ய அது இல்லாமல் முடியாது. மிஞ்சினால் சுரப்பியின் செல்களையே அரித்துவிடும். மிஞ்சுவதை உடனுக்குடன் தண்ணீராக மாற்றும் குளுட்டதயோன் பெராக்சிடேஸ் நொதிகள் பலவற்றில் செலினியம் இருக்கிறது.

இப்படி உருவாகும் டி4 ஹார்மோனில் நான்கு அயோடின் அணுக்கள் உண்டு. அதில் குறிப்பிட்ட ஒன்றைக் கழற்றினால்தான் வீரியமுள்ள டி3 கிடைக்கும். கழற்றுகிற டிஅயோடினேஸ் நொதிகளுக்கும் செலினியம் வேண்டும்.

அப்படியானால் செலினியம் கூடக்கூட நல்லதுதானே என்று தோன்றும். 1990களின் தொடக்கத்தில், அன்றைய ஜயரின் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) வடபகுதியில் இதற்கு விடை கிடைத்தது. அங்கே மண்ணில் இரண்டு சத்துமே குறைவு. அன்றாட உணவு மரவள்ளிக்கிழங்கு. அதைச் சரியாகப் பதப்படுத்தாவிட்டால் உடலில் தயோசயனேட் சேர்ந்து, அயோடைடு சுரப்பிக்குள் நுழைவதைத் தடுக்கும். பள்ளிச் சிறுவர்களுக்கும், தைராய்டு குறைபாட்டால் வளர்ச்சி குன்றியவர்களுக்கும் இரண்டு மாதம் தினமும் 50 மைக்ரோகிராம் செலினியம் மட்டும் கொடுத்தார்கள். இரு பிரிவினருக்கும் டி4 இறங்கியது. ஏற்கெனவே குன்றியிருந்தவர்களின் நிலை இன்னும் மோசமானது. செலினியம் கிடைத்ததும் டிஅயோடினேஸ் நொதி விழித்துக்கொண்டு, இருந்த கொஞ்ச டி4ஐயும் வேகமாக உடைத்தது. உடைந்து வெளியேறிய அயோடினை ஈடுகட்ட உணவில் அயோடின் இல்லை. ஆகவே இரண்டும் குறைவாக உள்ள இடத்தில் அயோடினைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் 250. இந்தியாவில் அயோடின் உப்பு கடைக்கு வரும்போது கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும், அதாவது ஒரு கிராம் உப்பில் 15 மைக்ரோகிராம். கடலிலிருந்து வருவதால் கல் உப்பிலேயே அயோடின் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பும் ஏறக்குறைய 60 மைக்ரோகிராம் அயோடினும் உண்டு. எதுவுமே வீணாகாமல் தங்கினாலும் ஒரு கிராமுக்கு 2 மைக்ரோகிராமைத் தொடாது. அயோடின் சேர்க்காத இந்துப்பும் உதவாது. அயோடின் சேர்த்த கல் உப்பும் கிடைக்கிறது, பாக்கெட்டில் எழுதியிருக்கும். ஆனால் அதைக் கழுவிப் போட்டால் மேலே படிந்த அயோடின் தண்ணீரோடு போய்விடும். உப்பை மூடிய ஜாடியில் வையுங்கள். அடுப்பின் வெக்கையும் ஈரமும் பட வேண்டாம்.

இதற்காக உப்பைக் கூட்டக் கூடாது. நாளுக்கு 5 கிராம்தான் வரம்பு. மீதி அயோடின் பால், தயிர், முட்டை, கடல்மீனில் வரட்டும். கடற்பாசி மாத்திரையை மட்டும் கேட்காமல் எடுக்காதீர்கள். அயோடின் திடீரென மிதமிஞ்சினால் சுரப்பி ஹார்மோன் செய்வதையே நிறுத்திக்கொள்ளும். ஆரோக்கியமான சுரப்பி சில நாளில் மீண்டுவிடும். உடலின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்கும் ஹாஷிமோட்டோ நோய் உள்ளவர்களின் சுரப்பி அப்படி மீளாமல் போகலாம்.

செலினியத் தேவை நாளுக்கு 55 மைக்ரோகிராம். ஒரு முட்டையில் ஏறக்குறைய 15, நூறு கிராம் மத்தி மீனில் 50 வரை கிடைக்கும். ஹாஷிமோட்டோவில் 200 மைக்ரோகிராம் மாத்திரை டிபிஓ என்ற தைராய்டு நொதிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைக் குறைத்ததாகச் சில ஆய்வுகள் காட்டின. அதனால் தைராக்சின் (டி4) மாத்திரையை விடலாம் என்று யாரும் நிறுவவில்லை. தைராய்டு மிகையாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோயின் லேசான கண் பாதிப்பில் மட்டும் ஆறு மாதச் செலினியத்துக்கு உறுதியான சான்று உண்டு, அதுவும் மருத்துவர் சொன்னால். முடி கொட்டி, நகம் உடைந்து, மூச்சில் பூண்டு வாடை அடித்தால் செலினியம் மிஞ்சிவிட்டது. மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.